ஒரு தடவை வேண்டாம் என்றால்

வெளிக்கிடுங்கோ

“எல்லாரும் வெளிக்கிடுங்கோ” என்று நான் சொன்னதும் ஹோட்டல் வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் திரும்பவும் லிஃப்ட் பக்கம் நடந்தார்.

ஊரிலிருந்து வருகிறவர்களை மினி பஸ்ஸில் ஏற்றிக் கடல் காட்டுவது என் தொழில். மெல்பேர்னில் விருந்தாளி வைத்திருக்கும் உங்களுக்கும் சனி, ஞாயிறில் இதே தொழில்தான்; சம்பளம் மட்டும் இல்லை. இந்தக் குழு தூத்துக்குடியில் ஒரே தெருவில் வசிப்பவர்கள். ஆளுக்கொரு மஞ்சள் பெயர் அட்டை கழுத்தில் தொங்கியது. நான் மன்னார்க்காரன். எங்களுக்கு வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது. அவர்களுக்கு அது காலைக்கடன். குழுத் தலைவர் மாணிக்கம் சார் என் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினார்: “தம்பி, நாங்க எல்லாரும் ரூம்லயே போயிட்டுத்தான் வந்திருக்கோம்.”

படத்தில் நிற்காதவர்

கிரேட் ஓஷன் ரோட்டில் போகும்போது கடல் இடது பக்கம் வரும். அதனால் இடது ஜன்னலுக்கு அடிதடி நடக்கும். குழுவில் வந்த ரெஜினா அக்கா மட்டும் தன் ஜன்னலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். பாறைகளுக்கு மேல் ஒரு திருப்பத்தில் நிறுத்தினேன். கீழே தண்ணீர் பச்சையாகவும் தூரத்தில் கருநீலமாகவும் கிடந்தது. எல்லோரும் படத்துக்கு நின்றார்கள். ரெஜினா அக்கா பஸ்ஸின் பின்னால் மறைந்துகொண்டார்.

“ஏன் அக்கா, காத்துக்குப் பயமோ?”

“மாணிக்கம் சார் படம் எடுத்த கையோட ஃபேஸ்புக்ல போட்டுருவாரு. மக பாத்துருவா.”

மகள் இதே மெல்பேர்னில், கிரான்பர்ன் பக்கம் இருக்கிறாளாம். பிள்ளை பிறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. பிரசவத்துக்கு வரட்டுமா என்று இவர் கேட்டபோது, “வேண்டாம்மா, இவரு லீவு போட்டிருக்காரு, நாங்க பாத்துக்குவோம்” என்று சொல்லிவிட்டாள். அக்காவும் சரி என்று போனை வைத்துவிட்டார். பிறகு தெருவில் ஆஸ்திரேலியா டூர் என்று பேச்சு வந்ததும் முதலில் பெயர் கொடுத்தவர் இவர்தான். மறுநாள் பென்குயின் பார்க்கப் பிலிப் தீவு, அதற்கடுத்த நாள் சிட்னி, அங்கிருந்து ஊர். மகளைப் பார்க்காமலா போகப் போகிறீர்கள் என்று கேட்டேன். அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.

“நான் டூர்ல வந்திருக்கேன் தம்பி. வீட்டுக்கு வர வேண்டாம்னுதான சொன்னா? ஆஸ்திரேலியாவுக்கே வர வேண்டாம்னு சொல்லலையே.”

இன்னும் கொஞ்சம்

மத்தியானம் கடற்கரையோரக் கடையில் மீனும் சிப்ஸும். மாணிக்கம் சார் பையிலிருந்து இட்லிப் பொடியை எடுத்துச் சிப்ஸின் மேல் தூவினார். கடற்காகங்கள் மேசைக்கு மேசை நடந்து பார்த்தன. கடைக்காரப் பெண் ஒரு கூடை நிறையப் பொரித்த கணவாயோடு வந்து, அதிகமாகப் பொரித்துவிட்டோம், காசு வேண்டாம், இன்னும் கொஞ்சம் எடுக்கிறீர்களா என்று கேட்டாள். எல்லோரும் மரியாதையாக, சேர்ந்தாற்போல, “நோ, நோ” என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே கூடையை அடுத்த மேசைக்குக் கொண்டுபோனாள். மாணிக்கம் சார் அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன தம்பி, ஒரு தடவை வேண்டாம்னு சொன்னா நிஜமாவே போயிருது இந்தப் புள்ள!”

ரெஜினா அக்கா சிரிக்கவில்லை. மீனின் மேல்மாவை நகத்தால் நீக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முள்ளே இல்லையே, இது என்ன மீன் என்று கேட்டார். இங்கே ஃபிளேக் என்பார்கள், சுறாதான் என்றேன். கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். பால் சுரப்பதற்குச் சுறா சமைத்துக் கொடுப்பது எங்கள் கரையிலும் உண்டு, அவர்கள் கரையிலும் உண்டு. “பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்க வேண்டிய மீன எண்ணெயில பொரிச்சு, ஊர் சுத்துறவளுக்குக் குடுக்கிறாங்களே!”

வாடை

மறுநாள் பிலிப் தீவுக்குப் போகும் வழியில், நொறுக்குத்தீனி வாங்க ஸ்பிரிங்வேலில் நிறுத்தினேன். எல்லோரும் பழக்கடைக்குப் போனார்கள். ரெஜினா அக்கா என்னை மீன்கடைக்குக் கூட்டிப் போனார். தோலுரித்துத் துண்டு போட்ட மீனைச் சுறா என்று எப்படி நம்புவது என்று கடைக்காரரிடம் தமிழிலேயே வாதாடினார். கடைசியில் ஒரு துண்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். “மூத்திர வாடை இருக்கு. சுறாதான், போடச் சொல்லுங்க.”

பஸ்ஸில் உட்கார்ந்து போனைப் போட்டார். அவருக்கு ஸ்பீக்கரில்தான் பேச வரும். பஸ் முழுவதும் கேட்டது.

“ஏ புள்ள, வீட்ல மஞ்சத்தூள் இருக்கா?”

“இருக்கும்மா. எதுக்கு?”

“பூண்டு?”

“இருக்கு. எதுக்கும்மா கேக்குற?”

“சும்மாதான். உன் வீட்டு நம்பர் என்ன?”

அந்தப் பக்கம் ஒரு குழந்தை சிணுங்குவது கேட்டது.

“அம்மா, நீ எங்க இருக்க?”

“இங்கதான், ஸ்பிரிங்வேல்ல. டூர் வந்தேன். நீதான வர வேண்டாம்னு சொன்ன.”

“வேண்டாம்னு சொன்னா நிஜமாவே வராம இருந்துருவியாம்மா?”

பென்குயின்

நான் கண்ணாடியில் மாணிக்கம் சாரைப் பார்த்தேன். அட்டவணையில் இல்லாத இடத்தில் பஸ் நின்றால் சண்டைக்கு வருகிற மனிதர். அவர் ஜன்னலைத் திறந்து மீன் வாடையை வெளியே விட்டார்.

“பென்குயின் எங்க ஓடிரப் போவுது? வண்டியக் கிரான்பர்னுக்கு விடுங்க தம்பி.”

ஏற்றிக்கொண்டு போனவர்களை ஓர் ஆள் குறையாமல் திருப்பிக் கொண்டுவருவதுதான் இந்தத் தொழில் என்று நானும் இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலில் ஒருத்தி குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றாள். எல்லோரும் அந்தப் பக்க ஜன்னலுக்குச் சாய்ந்தார்கள். ரெஜினா அக்கா மீன் பையைக் கையில் எடுத்தார். கழுத்திலிருந்த மஞ்சள் அட்டையைக் கழற்றி, முன்சீட்டின் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கினார்.