பெரிய மாப்பிள்ளை காய்ச்சிய பசை

சுவரொட்டி ஒட்டுகிறவருக்குச் சொந்தப் பெயர் எதற்கு? தெருவில் எல்லோரும் அவரைப் 'பசை' என்றே கூப்பிட்டார்கள். மாமனார் வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை. இது பெரும்பாலும் மாமனார் வீட்டுச் சங்கதி என்பதால் நாமும் அவரைப் பெரிய மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம்.

தொழிலில் ஆள் கெட்டி. சைக்கிளின் பின்னால் பசை வாளி, முன்னால் சுருட்டிய சுவரொட்டிகள், ஒரு தோளில் ஏணி என்று அவர் கிளம்பினால் மதியத்துக்குள் கடைத்தெரு முழுவதும் புதுச்சட்டை போட்டுக்கொண்டுவிடும். அவர் ஒட்டியதைக் கிழிக்க வந்தவர்கள் சுவரின் சுண்ணாம்பைத்தான் கிழித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் பசையைக் கடையில் வாங்கினார்கள். இவர் வீட்டு அடுப்பில் தானே காய்ச்சினார். அதில் யாரையும் கை வைக்க விட்டதில்லை.

அவருக்கு இருந்த ஒரே வியாதி பொறாமை. அடுத்தவனுக்கு ஒரு நல்லது நடந்தால் இவருக்கு வயிறு எரியும். பள்ளியில் படித்த காலத்தில் பக்கத்து பெஞ்சுக்காரனுக்குக் காய்ச்சல் வந்து லீவு கிடைத்தபோது, அந்தக் காய்ச்சலைப் பார்த்தே பொறாமைப்பட்டவர். இன்னொரு சுவரொட்டிக்காரருக்குப் பேருந்து நிலையத்தின் நீளச் சுவர் கிடைத்தது என்று, அந்தப் பக்கம் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டார். ஆனால் இதெல்லாம் சில்லறைப் பொறாமை. முழுப் பொறாமை எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்டியவர் அவருடைய சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டிய அந்தச் சின்ன மாப்பிள்ளை ஒரு டிராயிங் வாத்தியார். வெள்ளைச் சட்டை, அழுக்கே ஒட்டாத நகம், யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு. திட்டுவதற்கு ஒரு காரணமும் கொடுக்காத ஆள். அதுதான் பெரிய மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. வந்த புதிதில் மாமியாரின் முகத்தை ஒரு பழைய காகிதத்தில் பென்சிலால் போட்டுக் கொடுத்தார். மாமியார் அதற்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். ஊரெல்லாம் ஒட்டித் தீர்த்த பெரிய மாப்பிள்ளையின் கைவேலை என்று அந்த வீட்டுச் சுவரில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

அந்த வீட்டில் அவருடைய கட்சியில் இருந்த ஒரே ஜீவன் நாய்தான். வருகிறவர்களை மேலும் கீழும் பார்த்து அளந்த பிறகே உள்ளே விடும் என்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். சின்ன மாப்பிள்ளை வந்தால் எழுந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். பெரிய மாப்பிள்ளை வந்தால் மேலே தாவி, சட்டையெல்லாம் மண்ணாக்கி, கை இரண்டையும் நக்கித் தீர்த்துவிடும். "பசை வாசனைக்கு நக்குது, வேற ஒண்ணுமில்ல" என்பாள் மனைவி. அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். சகலையை ஓரக்கண்ணால் பார்த்தபடி, தேவைக்கு மேலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

அந்த மேனேஜர் வயதாகிச் செத்துப்போனது. மாமனார் முன்வாசலில் நாற்காலியைப் போட்டு, அது படுத்துக் கிடந்த சாக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது.

அப்போதுதான் ஒருநாள் சின்ன மாப்பிள்ளை பெரிய மாப்பிள்ளையின் வீட்டுக்கு வந்தார்.

"சகலை, மாமாவுக்கு மேனேஜரை அப்படியே காகிதத்துல செஞ்சு குடுக்கலாம்னு இருக்கேன். உள்ள கம்பி கட்டி, மேல காகிதத்தை அடுக்கடுக்கா ஒட்டிக்கிட்டு வரணும். கடைப் பசை சரிப்படல, காஞ்சதும் உரியுது. உங்க பசை மாதிரி எங்கயும் கிடைக்காது. கொஞ்சம் காய்ச்சித் தருவீங்களா?"

கடைசி வாக்கியத்தில் பெரிய மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த மூச்சிலேயே வயிறு பற்றிக்கொண்டது. அந்த வீட்டில் தனக்கென்று இருந்தது ஒரு நாய். செத்த பிறகு அதையும் இவன் தன் பெயரில் எழுதிக்கொள்ளப் போகிறான். அதற்குப் பசை தன் அடுப்பிலிருந்து போக வேண்டுமாம். முடியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அதுக்கென்ன, தாராளமா செஞ்சு தருவாரு. காகிதம் ஒட்டறதுக்கு அவரை விட்டா ஆளா?"

ஆனாலும் கெட்ட பசை காய்ச்ச அவருக்குக் கை வரவில்லை. சகலைக்கு என்றாலும் பசை பசைதான். மைதா மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைத்தார். கொதிக்கிற தண்ணீரில் அதை மெல்லிய தாரையாக விட்டு, அடி பிடிக்காமல் கிண்டினார். வெள்ளையாக இருக்கும்வரை மாவு வேகவில்லை என்று அர்த்தம். கிண்டக் கிண்ட அந்த வெள்ளை போய், உள்ளே விளக்கு வைத்த மாதிரி ஒரு தெளிவு வரும். அப்போதுதான் அது பசை. பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டு, ஆறவிட்டுத் துணியில் வடிகட்டினார். சுவருக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். அடுக்கடுக்காக ஒட்டுவதற்கு அவ்வளவு கெட்டி ஆகாது, மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். அதனால் பால் பதத்துக்கு இளக்கினார். இவ்வளவும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார்.

தினமும் வேலைக்குப் போகும் வழியில் சகலையின் வீட்டில் ஒரு தூக்குப்பாத்திரம் பசை இறங்கியது. கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே. போகமாட்டார். பின்னறையில் எட்டிப் பார்ப்பார். முதலில் கம்பியும் கந்தையுமாக நின்ற உருவத்தைப் பார்த்து, இது நாயா நாற்காலியா என்று மனதுக்குள் சிரித்தார். பிறகு வயிறு வந்தது. தோள் வந்தது. முன்னங்காலில் பாரத்தைப் போட்டு நிற்கிற அந்த நிலை வந்தது. ஒருநாள் முகம் வந்துவிட்டது. அன்றைக்கு அவரால் சிரிக்க முடியவில்லை. மேனேஜர் அவரை மேலும் கீழும் அளந்துகொண்டிருந்தது.

அந்த வாரத்திலேயே ஒருநாள் மனைவியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததும் வராததுமாகச் சொன்னாள்:

"காகிதம் ஒண்ணுதான். பசையும் ஒண்ணுதான். நீங்க சுவத்துல ஒட்டறீங்க. அவரு உயிர் குடுக்கறாரு. என்ன கைங்க அது."

அவள் யாரையும் குத்த நினைத்துச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் எதிரே இருப்பதே அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. கல்யாணமான நாள் முதல் அவருடைய கையைப் பற்றி அவள் சொன்னதெல்லாம், கழுவிட்டு வாங்க என்பது ஒன்றுதான்.

மறுநாள் சின்ன மாப்பிள்ளை சொன்னார்: "சகலை, இனி காது மட்டும்தான் பாக்கி. அட்டைய வெட்டி, மேல காகிதக் கூழைப் பூசணும். ரெண்டு காதும் விறைப்பா நிக்கணும், மாமா வீட்டுல இருக்கற மேனேஜர் போட்டோவுல அப்படித்தான் இருக்கு. காதுக்கு மட்டும் நல்லா கெட்டியா ஒரு பசை வேணும். ஞாயித்துக்கிழமை மாமாகிட்ட குடுத்துடலாம்."

பெரிய மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். மாவைக் கரைத்தார். வழக்கத்தைவிட அதிகமாகவே மாவு போட்டார், பார்த்தால் கெட்டியாகத் தெரியட்டும் என்று. அடுப்பில் ஏற்றினார், இரண்டு கிண்டு கிண்டினார். வெள்ளை போகும் முன்பே இறக்கிவிட்டார். வேகாத மாவு கரண்டியில் ஒட்டும், கையில் ஒட்டும், காகிதத்திலும் ஒட்டுவதுபோல ஒட்டும். பாரம் தாங்காது. அது அவருக்குத் தெரியும், டிராயிங் வாத்தியாருக்குத் தெரியாது. நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது காது கழன்று மாமனார் மடியில் விழட்டும் என்று நினைத்தார். தொழிலுக்கு வந்த பிறகு அவர் காய்ச்சிய முதல் கெட்ட பசை அது. கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் சகலையின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். நடுவில் பழைய போர்வை போர்த்திய உருவம். சின்ன மாப்பிள்ளையின் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. பெரிய மாப்பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்:

"சகலை, இடது காது, பூசின மறுநாள் காலையில பார்த்தா சாஞ்சு கிடக்குது. வலது காது ஜன்னல் பக்கம் இருந்ததால காஞ்சு நின்னுடுச்சு. இது ஈரத்துலயே இறங்கி, அப்படியே காஞ்சுபோச்சு. நிமிர்த்தினா முறியுது. வேற வழியில்லாம அப்படியே பெயின்ட் அடிச்சுட்டேன்."

"அடடா" என்றார் பெரிய மாப்பிள்ளை. அந்த ஒரு அடடாவில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவர் இருமவேண்டியிருந்தது.

போர்வையை எடுத்தார்கள். மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார். பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமனார் எழுந்து வந்தார். சுற்றிப் பார்த்தார். குனிந்து அந்த இடது காதைத் தொட்டார். பெரிய மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். காது விழவில்லை. மாமனாரின் கண்தான் நிறைந்தது.

"இதை எப்படி மாப்பிள்ளை பிடிச்சீங்க?" என்று சின்னவரைப் பார்த்துக் கேட்டார். "எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன். பெரிய மாப்பிள்ளை சைக்கிள் தெருமுனை திரும்பும்போதே இவனுக்குத் தெரிஞ்சுடும். எங்க காதுக்கு ஒண்ணும் கேக்காது. இவன் எழுந்து நின்னு கேட்டைப் பார்ப்பான், இந்த இடது காது மட்டும் இப்படிச் சாயும். வேற யாரு வந்தாலும் சாயாது. இவன் காதைப் பார்த்துத்தான் நான் உள்ள குரல் குடுப்பேன், பெரிய மாப்பிள்ளை வர்றாரு, டீ போடுன்னு."

சின்ன மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்தார். மாமனாரின் நனைந்த கண்ணைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் தடுமாறியிருப்பார்கள்.

"கவனிச்சு வச்சிருந்தேன் மாமா" என்றார்.

பெரிய மாப்பிள்ளை அந்தச் சாய்ந்த காதையே பார்த்தார். அவர் வந்து சேர்ந்த பிறகு தாவிய நாயைத்தான் அவருக்குத் தெரியும். வருவதற்கு முன்பே தனக்காக எழுந்து நின்ற நாயை அவர் பார்த்ததே இல்லை. பார்த்திருக்கவும் முடியாது. தன் சைக்கிள் சத்தத்துக்கென்று ஒரு காது சாய்ந்துகொண்டிருந்தது என்பது இப்போதுதான், இந்தக் கூடத்தில்தான் தெரிகிறது. தெரிந்த அதே நிமிடத்தில் அதைச் சகலை தூக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுவிட்டான். அது அவன் செய்த காது இல்லை என்று சொல்ல வேண்டுமானால், பசையைக் கெடுத்த கதையையும் சொல்லியாக வேண்டும். சொன்னால் இந்த வீட்டில் மிச்சமிருக்கிற மரியாதையும் போகும். அவர் யோசித்துப் பார்த்தார். மரியாதை போவதைத் தாங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. காது போவதைத் தாங்க முடியவில்லை.

"மாமா, அது அவரு செஞ்சதில்ல" என்றார். "பசை வேகல. நான்தான் வேக விடல."

"என்ன வேகல?" என்றார் மாமியார், சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தபடி.

"காதுக்குக் குடுத்த பசை. பச்சை மாவு. வேணும்னேதான் பாதியில இறக்கினேன். காது நிக்கக்கூடாதுன்னு. அதான் சாஞ்சுது. என் பசையால சாஞ்சுது."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சின்ன மாப்பிள்ளையின் முகம் சிவந்து, பிறகு வெளிறியது. "நானும் நிமிர்த்தத்தான் பார்த்தேன் மாமா" என்று முனகினார். "முடியல. நீங்க அப்படிக் கேட்டதும் என்ன சொல்றதுன்னு தெரியல."

மாமனார் ஒருவரை விட்டு ஒருவராக இரண்டு மாப்பிள்ளைகளையும் பார்த்தார். மேனேஜர் பார்க்கிற மாதிரியே, மேலும் கீழுமாக.

"ஒருத்தர் கெடுத்தீங்க. ஒருத்தர் பொய் சொன்னீங்க. நாய் மட்டும் சரியா வந்திருக்கு" என்றார். "ரெண்டு பேரும் தூக்குங்க. முன்வாசல்ல அவன் இடத்துல வைங்க. கேட்டைப் பார்த்து."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். காகிதம்தானே, பாரமே இல்லை. இருந்தும் வாசல் வருவதற்குள் இருவருக்கும் வியர்த்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது பெரிய மாப்பிள்ளை சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். மனைவி பாதித் தெரு வரை பொறுத்துப் பார்த்தாள்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஒரு காதுக்காக இப்படியா மானத்தைக் கப்பலேத்துவீங்க?"

"அவனுக்கு உங்க அம்மா இருக்காங்க. உங்க அப்பா இருக்காரு. நீயே அவன் கையைப் பார்த்து வாய் பிளந்துட்டு வந்தே. இருக்கட்டும், எல்லாத்தையும் அவனே வச்சுக்கட்டும். அந்தக் காது எனக்குச் சாஞ்சது. நான் வர்ற சத்தத்தைக் கேட்டுச் சாஞ்சது. உலகத்துல எனக்குன்னு அது ஒண்ணாவது நடந்திருக்கு இல்ல? அதை விட முடியாதும்மா."

அவள் நின்றுவிட்டாள். அவரும் சைக்கிளை நிறுத்தினார்.

"தினமும் நீங்க வீட்டுக்குள்ள நுழையும்போது டீ சூடா இருக்கே, எப்படின்னு எப்பவாவது யோசிச்சீங்களா?" என்றாள். "உங்க வாளிச் சத்தம் தெருமுனையில கேக்கும்போதே எழுந்து அடுப்பைப் பத்த வைக்கிறேன். இத்தனை வருஷமா. எனக்குக் காது சாயறதில்ல, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். வீடு போய்ச் சேரும்வரை பெரிய மாப்பிள்ளை சகலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.