நனையாத தாடி

நியூயார்க்கில் வெண்டல் ப்ரூஸ்டரைப் பார்த்து, எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று சொல்லாதவர்கள் குறைவு. எங்கே என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. பல் டாக்டரா என்பார்கள், வரி ஆபீஸா என்பார்கள். ஒரு தடவை ரயிலில் ஒரு பெண்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தன் அப்பாவின் அடக்கத்துக்கு வந்து உருக்கமாக ஜெபம் செய்ததற்கு நன்றி சொல்லி அழுதுவிட்டு இறங்கிப் போனாள். அவர் மறுக்கவில்லை. பாதிரி வேஷம் போடாதவரா என்ன.

ஒஹையோவில் டயர் ஃபாக்டரி மேஸ்திரிக்கு மகனாகப் பிறந்து, நடிகனாவேன் என்று பஸ் ஏறி வந்தவர். மேடையில் வாயில்காப்போன், நீதிபதி, நிறைய முறை பிணம். சினிமாவில் ஒரே ஒரு பெரிய படம். பாலைவனத்தில் வெயிலில் கருகி லாரி ஓட்டி நடித்துவிட்டு வந்தார். படம் வெளியானபோது லாரி ஜன்னலில் அவருடைய முழங்கை மட்டும் மிஞ்சியிருந்தது. அவர் மனைவி நோரீன் தியேட்டரில் எழுந்து நின்று அந்த முழங்கைக்குக் கை தட்டினாள். வெட்கமில்லாதவள். அவள் நாடகக் கம்பெனிகளுக்குச் சவுரியும் தாடியும் பின்னுகிறவள். வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கொக்கியால் முடிச்சுப் போடுகிற வேலை. விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கியதும் அதை விட்டுவிட்டாள்.

தலை நரைத்த பிறகுதான் வெண்டலுக்குத் தொலைக்காட்சி வாய்த்தது. துறைமுகப் போலீஸ் பற்றிய தொடர். அதில் மெக்கேப் என்கிற இழுவைப்படகுக் கிழவன். நெஞ்சுவரை தாடி, சொந்தத் தாடி. இரண்டு சீசன் ஓடியது. ஆயுசில் முதல் தடவையாக அடுத்த வருஷமும் வேலை இருக்கும் என்று நம்பினார். அந்த நேரம் பார்த்துத்தான் கதாசிரியர்கள் மெக்கேப்பைப் பனிமூட்டத்தில் படகுத்துறையிலிருந்து ஆற்றுக்குள் தள்ளிவிட்டார்கள்.

பிணத்தைக் காட்டவில்லை. தொலைக்காட்சியில் பிணத்தைக் காட்டாதவரை யாரும் சாகவில்லை. பிழைத்தானா செத்தானா என்பது எழுதுகிறவர்களுக்கே தெரியாது. அது முடிவாகும்வரை தாடியில் கத்தரி படக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

வெண்டல் தாடியோடு காத்திருந்தார். குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தார். ஃபோன் மணி அடித்தால் கையிலிருக்கும் காபி தளும்பும். சூப்பில் நுனி நனைந்துவிடாமல் தாடியைத் தோளுக்குமேல் போட்டுக்கொண்டு சாப்பிடுவார். உறக்கத்தில் யாரோ கத்தரிப்பதாகக் கனவு கண்டு தாடையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

அப்போது பார்த்து, நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில் ஒரு சிறு நாடகக் குழு அவரைக் கூப்பிட்டது. முதல் காட்சியிலிருந்து திரை விழும்வரை மேடையை விட்டு இறங்காத வேஷம், தினமும் மழமழவென்று மழித்துக்கொள்ளும் பள்ளித் தலைமையாசிரியர். இப்படியொரு பாத்திரத்துக்காகத்தான் அவர் பஸ்ஸே ஏறினார். தொடர்காரர்களிடம் அனுமதி கேட்டால் என்ன என்று அவருடைய ஏஜென்ட் ஷெல்டனிடம் கேட்டார். ஷெல்டன் பதறிப்போனான்.

“கேட்டா, நீ ஒருத்தன் இருக்கேன்னு அவங்களுக்கு ஞாபகம் வரும். ஞாபகம் வந்தா முடிவெடுப்பாங்க. முடிவெடுத்தா உன்னக் கொன்னுடுவாங்க. சும்மா கிடக்குற சங்க ஊதிக் கெடுக்காதப்பா.”

நடிகனுக்கு இதெல்லாம் நியாயமாகவே படும். வெண்டல் இரண்டு நாள் சாப்பிடாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் நோரீன் அவரைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டைப் போர்த்தினாள். கத்தரித்த முடியைக் கொத்துக் கொத்தாக நூலில் கட்டினாள். மோவாய் நரை தனி, கன்னத்துச் செம்பட்டை தனி. அவர் என்னவென்று கேட்டார்.

“உன் தாடியத்தான் பின்னப் போறேன். கூப்பிட்டா ஒட்டிக்கிட்டுப் போ. கடவுளுக்கே வித்தியாசம் தெரியாது.”

வீங்கிய விரல்களோடு வசந்தகாலம் பூராவும் பின்னினாள். நடுநடுவே கையைச் சுடுதண்ணீரில் முக்கி வைத்துக்கொண்டு, வலிக்கவில்லை என்று பொய் சொன்னாள்.

நாடகம் மேடையேறியது. நாலு பேர் நல்லபடி பேசினார்கள். ஆனால் வெண்டல் தெருவில் கைக்குட்டையால் முகவாயை மூடிக்கொண்டு நடந்தார். தொடர்காரர்களில் எவனாவது பார்த்துத் தொலைத்தால்?

ஃபோன் வந்தே விட்டது. தொடர்காரர்கள் அனுப்பிய தாளில் ஒரே வரி: ஆற்றங்கரை, மெக்கேப்பை மீட்கிறார்கள். உயிரோடா, பிணமாகவா? ஷெல்டனுக்கும் தெரியவில்லை. வெண்டலுக்கு அதைவிடப் பெரிய கவலை ஆறு. ஈரத்தில் பசை நிற்காது. கேமரா முன்னால் தாடி மிதந்து போனால் ஒப்பந்தம் மீறியது வெளியே வரும், அப்புறம் இந்த ஊரில் எவனும் அவரை நம்பிக் கூப்பிட மாட்டான்.

நோரீன் குளியல் தொட்டியை நிரப்பி, தாடியோடு அவரைப் படுக்கச் சொன்னாள். அது வேறு தாடி, பழைய சரக்கு. பின்னியதை வீணாக்க அவளுக்கு மனமில்லை. ஐந்தாவது பசைதான் நின்றது. தண்ணீருக்குள் அவர் நடுங்கிக்கொண்டே இருந்தார்.

“அசையாத. சாகக்கூடவா சொல்லித் தரணும்? காலமெல்லாம் அதத்தான பண்ணிக்கிட்டிருக்க.”

படப்பிடிப்பன்று விடியற்காலை அவளே ஒட்டிவிட்டு, விளிம்பைப் பெருவிரலால் அழுத்தி, தள்ளி நின்று பார்த்தாள். அழகாக இருக்கிறதென்று அவளே சொல்லிக்கொண்டாள்.

குவீன்ஸ் ஸ்டுடியோவில் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, யாருக்கும் பக்கவாட்டு முகம் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். ஒப்பனைக்காரியைக் கிட்டே விடவில்லை. இளம் இயக்குநர், டெசா என்று பெயர், தயங்கித் தயங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வெண்டல், தப்பா நினைக்கக் கூடாது. நேத்து ராத்திரிதான் எழுதுனாங்க. மெக்கேப் செத்துட்டாரு. கொன்னவன் அவர வெளிய இழுத்து, அடையாளம் தெரியக் கூடாதுன்னு தாடிய மழிச்சுட்டுத் திரும்பவும் ஆத்துல போட்டிருக்கான். நீங்க எவ்வளவு ஆசையா வச்சிருக்கீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். எடுத்துடலாமா?”

வெண்டல் முகத்தைக் காலருக்குள் புதைத்துக்கொண்டார். துக்கம் என்று அவள் நினைத்தாள். துக்கமும்தான், மெக்கேப் போய்விட்டான். ஆனால் அவர் அடக்கப் பார்த்தது சிரிப்பை. தானே மழித்துக்கொள்வதாகச் சொல்லி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். ஒரே இழுப்பில் தாடி கையோடு வந்தது. மழிக்க ஆகிற நேரம் போகட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டு, தாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் நோரீனின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தொழிலுக்காகத் தாடியைத் தியாகம் செய்தவர் அல்லவா. அவர் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். அதைப்போல வேறெந்தக் கைதட்டலும் அவரைச் சுட்டதில்லை.

அன்று நாடகம் முடிந்து வீட்டுக்குப் போனார். நோரீன் கதவருகிலேயே நின்றிருந்தாள்.

“நின்னுச்சா?”

“ஒரு முடி கூட அசையல,” என்றார்.

அவள் தாடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, டிஷ்யூ காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. உண்மையை மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மறுநாள் அவள் கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள், எப்படிச் சொல்வது? இப்படியே கோடை போனது. ஒரு பயம் தொலைந்த இடத்தில் இன்னொன்று குடியேறியது. ஃபோனுக்குப் பதில் இப்போது காலண்டரைப் பார்த்து நடுங்கினார். அந்தப் பகுதி ஒளிபரப்பாகிற நாள் வந்தே தீரும்.

வந்தது. வெளியே சாப்பிடப் போகலாமா என்று கேட்டுப் பார்த்தார், தலைவலி என்றார், எதுவும் எடுபடவில்லை. நோரீன் பாப்கார்ன் பொரித்து மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். வெண்டல் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் படகு வந்தது. கொக்கியில் எதையோ இழுத்தார்கள். புரட்டிப் போட்டார்கள். மழித்த முகம்.

“நோரீன், அன்னைக்கு நான்...”

“தெரியும். தண்ணி பட்டா முடிச்சு இறுகும். அன்னைக்கே தொட்டுப் பாத்தேன், ஒண்ணுகூட இறுகல.”

“அப்ப ஏன் கேக்கல?”

“பயந்து பயந்து பாதி ஆளா வந்து நின்ன. அதுக்குமேல என்னத்தக் கேக்குறது? பேசாத, பாக்க விடு.”

கேமரா அந்த முகத்தை விட்டு நகரவே இல்லை. கண்கள் மூடி, உதடு நீலம் பாரித்து, சேற்றில் கிடந்தது. காலமெல்லாம் பிணமாக நடித்த மனிதர் இவ்வளவு நன்றாக என்றுமே செத்ததில்லை. சிறிது நேரத்தில் பாப்கார்ன் கிண்ணம் கீழே போயிற்று. நோரீனின் வீங்கிய விரல்கள் பக்கத்தில் துழாவி வந்து அவருடைய கன்னத்தைப் பிடித்தன, சூடு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. எடுக்கவில்லை. காட்சி மாறி விளம்பரம் ஓடியபோதும் எடுக்கவில்லை.

“நீ செத்தா இப்படித்தான் இருப்பேன்னு இப்பத்தான் தெரியுது,” என்றாள். “எனக்குப் புடிக்கல. தாடிய வளத்துடு.”

நாடகம் அந்த மாதத்தோடு முடிந்தது. அதன்பின் வெண்டல் சவரக் கத்தியைத் தொடவில்லை. ஷெல்டன் ஃபோன் செய்து, ஏதோ விளம்பரத்துக்கு மழித்த முகம் வேண்டுமாம், உடனே வா என்றான். முடியாது என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னார். கையிலிருந்த காபி தளும்பவில்லை.