பேங்க் கோடுக்கு நான் வைத்த மொய்

மூணாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன் நான். அச்சாபீஸில் பேப்பர் பண்டல் தூக்கினேன். தூக்கின அதே தெருவில் சொந்தமாக ஒரு பிரஸ் வைத்தேன். வெம்பக்கோட்டை ரோட்டில், “அங்கன வெறும் பாறை அண்ணாச்சி, போர் போட்டா உங்க பணம்தான் உள்ள போகும்” என்று ஊரே சொன்ன இடத்தில் போர் போட்டேன். தண்ணி வந்துச்சு. கொஞ்சம் உப்பு... ஆனா வந்துச்சா இல்லையா? அந்த இடத்திலேயே ஒரு பட்டாசு கம்பெனி. விருதுநகரில் மாடி வீடு. இப்போ பத்திரிகையில் இந்தப் பத்தி. “இவன் என்னத்த எழுதிக் கிழிக்கப் போறான்” என்று சிரித்தவர்கள் எல்லாம் வாராவாரம் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறார்கள். டீக்கடையில் ஓசியில் படிப்பவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்படிப்பட்ட என்னை, போன வாரம் ஒரு சைபர் ஆட்டி வைத்துவிட்டது!

என் கடைசி மகள் செல்வராணிக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சென்னை. சம்பந்தி காலேஜில் புரொபசராக இருந்து ரிட்டயர் ஆனவர். மண்டபம் சென்னையில் இருக்கணும் என்பது அவர் ஆசை. மண்டபச் செலவு என்னுடையது என்பது என் வாய். நிச்சயதார்த்தத்தில் ஒருத்தரும் கேட்காமலே எழுந்து நின்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை என்ன செய்ய?

தை மாச முகூர்த்தம் என்றால் சும்மாவா? சென்னையில் இருக்கிற மண்டபம் எல்லாம் நிரம்பி, அந்த நாளுக்கு ஒன்றே ஒன்று பாக்கி. “சாயங்காலம் ஆபீஸ் பூட்டுறதுக்குள்ள அட்வான்ஸ் வரணும். இல்லேன்னா அடுத்த பார்ட்டிக்கு எழுதிருவேன்” என்று மண்டப மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். காலையில் சம்பந்தி போன் போட்டார்.

“பணத்தை எப்படி அனுப்பப் போறீங்க சம்பந்தி? வழக்கம்போல லாரி டிரைவர் கையில, பட்டாசுப் பெட்டிக்குள்ள வெச்சா?”

நக்கலைப் பாருங்க. நான் விடுவேனா?

“அதெல்லாம் அந்தக் காலம் சம்பந்தி. இப்ப நாங்க எலக்ட்ரானிக்!”

“அப்படிங்களா? ஐ.எஃப்.எஸ்.சி. கோடு பத்தியெல்லாம் தெரியுமா?”

“தெரியாம? நேத்துக்கூட ரெண்டு பேருக்கு அனுப்புனேன்.”

அந்த நாலு எழுத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறேன். ஆனால் வியாபாரத்தில் ‘தெரியாது’ என்று சொன்னவன் உருப்பட்டதாகச் சரித்திரம் உண்டா?

கொஞ்ச நேரத்தில் மண்டபத்துக்காரர் செக் ஒன்றின் நகல் என் பிரஸ்ஸுக்கு ஃபேக்ஸில் வந்தது. எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். கவுண்டரில் லதா மேடம் — நல்ல பிள்ளை, பொறுமைசாலி — பாரத்தைக் கொடுத்து விளக்கமும் சொன்னார்.

“ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கோடு அண்ணாச்சி. முதல் நாலு எழுத்து, எந்த பேங்க்னு சொல்லும். அப்புறம் ஒரு சைபர். கடைசி ஆறும் எந்தக் கிளைன்னு சொல்லும். செக்குல இருக்கிறதை அப்படியே பார்த்து எழுதிருங்க.”

எழுதினேன். முதலில் தொகை. கல்யாணக் காரியம், அதனால் ஒத்த ரூபாய் சேர்த்துப் போட்டேன். இது நம்ம ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மொய் என்றால் நூத்தி ஒண்ணு, ஐநூத்தி ஒண்ணு. சைபரில் முடித்தால் சொந்தம் அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். ஒண்ணில் முடித்தால் இன்னும் வளரும் என்று அர்த்தம். நான் அச்சு மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தாலும் அப்படித்தான், இருக்கன்குடி மாரியம்மன் உண்டியலில் போட்டாலும் அப்படித்தான்.

அடுத்து, அந்தக் கோடு. நடுவில் ஒரு சைபர் இருந்தது. போகட்டும், நடுவில்தானே என்று விட்டுவிட்டேன். ஆனால்... கடைசியிலும் சைபர்!

மகள் கல்யாணத்துக்கு முதல் முதலாகப் போகிற பணம். அது மொட்டையாகச் சைபரில் போய் நிற்கலாமா? இந்த நம்பரைப் போட்டவர்கள் வீட்டில் கல்யாணம் காட்சியே நடந்ததில்லையா?

கடைசிச் சைபரை எடுத்துவிட்டு ஒண்ணு போட்டேன். கூடினது வெறும் ஒண்ணு. கூட்டிக் கொடுத்தால் யாராவது கோபித்துக்கொள்வார்களா?

“கோடு நம்பரை ஒரு தடவை சரிபார்த்துட்டீங்களா அண்ணாச்சி?” என்று லதா மேடம் கேட்டார்.

“ஏம்மா, பட்டாசு மருந்து அளக்குற ரூமுக்கே நான்தான் மேஸ்திரி. எங்கிட்டயா?”

காலண்டர் அச்சடிக்கிற சீசன். எனக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும். அவர் கம்ப்யூட்டரில் தட்டினார். பணம் போய்விட்டது. நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மத்தியானம் சம்பந்தி போன். “இன்னும் வரலையே சம்பந்தி?”

“வரும் வரும். இங்கன இருந்து சென்னைக்குத் தூரம் இல்லையா?”

“கரண்ட்ல போறதுக்குத் தூரம் என்னங்க?”

நியாயமான கேள்விதான். அடுத்த போனில் அவர் குரலே மாறிவிட்டது. “சம்பந்தி, அடுத்த பார்ட்டி வந்து உட்கார்ந்திருக்கு. மேனேஜர் பேனா மூடியைத் திறந்துட்டார்.”

பேங்குக்கு ஓடினேன். என் வீட்டம்மா பொன்னுத்தாயும் கூடவே ஓடி வந்தாள். லதா மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என் பாரத்தைப் பார்த்தார், ஃபேக்ஸைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி... இது சென்னைக் கிளை கோடு இல்ல. கடைசி நம்பரை மாத்திட்டீங்க. இது ராஜஸ்தான் பக்கம் ஒரு கிளை.”

மகள் கல்யாணப் பணம் ஒட்டகம் மேய்க்கப் போயிருக்கிறது!

“பணம் போச்சாம்மா?”

“நல்ல வேளை, அந்த அக்கவுண்ட் நம்பர் அங்க இல்ல. அதனால உங்க கணக்குக்கே திரும்பி வந்துரும். அதே நம்பர்ல அங்க ஒரு ஆள் இருந்திருந்தா, அவர் கணக்குல ஏறியிருக்கும். அப்புறம் அவர் பின்னாடி நாம அலையணும். ஆனா... இன்னைக்குத் திரும்பாது அண்ணாச்சி.”

இன்னைக்குத் திரும்பாது! மண்டபக்காரனுக்கு இன்னைக்குத்தானே வேணும்? என் கணக்கில் மிச்சம் இருந்ததையும் காலையில்தான் பேப்பர் லோடுக்குக் கட்டியிருந்தேன். மண்டபம் போனால் அந்த முகூர்த்தம் போச்சு. ‘வாய்தான் பெருசு’ என்று மாப்பிள்ளை வீட்டார் பேசுவார்கள். அந்தப் பேச்சைச் செல்வராணியல்லவா காலமெல்லாம் கேட்கணும்?

“எங் கணக்குல இருக்கு” என்றாள் பொன்னுத்தாய்.

“எம்புட்டு?”

“மண்டபத்துக்குப் பத்தும்.”

“ஏதுடி உனக்கு அம்புட்டு?”

“சிறுவாடு. வீட்டுச் செலவுல மிச்சம் பிடிச்சது. இத்தன வருசத்துல கத்தரிக்கா என்ன வெலைன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீகளா?”

லதா மேடம் குனிந்து சிரித்தார். பொன்னுத்தாய் புதுப் பாரம் வாங்கி, ஃபேக்ஸில் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து எழுத ஆரம்பித்தாள். கடைசிச் சைபர் வந்தது. என் கை தன்னால் பேனாப் பக்கம் போனது.

“கைய எடுங்க.”

“இல்ல தாயி... ராசி...”

“ராசியில்லன்னு பத்தாம் நம்பர் வீட்டுக்குப் பதிலா பதினொண்ணாம் நம்பர் வீட்டுக்குள்ள போயிப் பொண்ணு குடுப்பீகளா? ஒத்த ரூவாய மொய்க் கவர்ல வைங்க. வெலாசத்துலயா வைப்பாக?”

எழுதினதை லதா மேடத்திடம் ஒரு தடவை வாய்விட்டு வாசித்தும் காட்டினாள். பணம் போனது. நாங்கள் மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆபீஸ் பூட்டுகிற நேரத்துக்குச் சம்பந்தி கூப்பிட்டார்.

“வந்துருச்சு சம்பந்தி! ரசீது போட்டாச்சு. ஆமா... முதல்ல அனுப்புனது எங்க போச்சு?”

“அது ஒரு சோதனை சம்பந்தி. தப்பான கோடு போட்டா பணம் பத்திரமா திரும்புதான்னு பார்த்தேன். திரும்புதாம். நீங்க தைரியமா அனுப்பலாம்.”

அந்தப் பக்கம் ‘டொக்’கென்று போன் வைக்கிற சத்தம் கேட்டது. படித்தவர் இல்லையா, யோசிக்கப் போயிருப்பார்.

பணமும் ரெண்டு நாளில் பத்திரமாகத் திரும்பி வந்தது, அந்த ஒத்த ரூபாயோடு. பொன்னுத்தாய்க்குக் கணக்கு ஆரம்பிக்கும்போது அறிமுகக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்த வகையில் மண்டபத்தைக் காப்பாற்றியதில் பாதி எனக்குத்தான் சேரும்.

வாசகர்களுக்குச் சொல்கிறேன். கோடு நம்பரை வாய்வழி கேட்டு எழுதாதீர்கள். செக்கைப் பார்த்து எழுதுங்கள். பெயர், கணக்கு நம்பர், கோடு மூன்றையும் வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். பேங்க்காரர்களுக்கு நல்ல நம்பர் கெட்ட நம்பர் தெரியாது. அதற்காக நாம் திருத்தவும் முடியாது. லாரி டிரைவராவது வழி தப்பினால் நாலு பேரிடம் கேட்டு வருவான். எலக்ட்ரானிக் பணம் யாரிடமும் கேட்காது, எழுதின இடத்துக்குப் போய் நின்றுவிடும்.

நேற்று பேங்குக்குப் போனேன். கவுண்டருக்கு மேலே புதுசாக ஒரு போர்டு. ‘கிளைக் கோடை செக்கில் உள்ளபடியே எழுதவும். எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.’ சிவப்புப் பெயிண்டில், கொட்டை எழுத்தில்! இத்தனை வருஷமாக இல்லாத போர்டு இப்போது எப்படி வந்தது? யாரால் வந்தது? எத்தனை பேர் பணத்தை அது காப்பாற்றப் போகிறது?

மேனேஜர் சார், நீங்க இந்தப் பத்தியைப் படிப்பீங்கன்னு தெரியும். போர்டுக்குக் கீழே ஒரு சாண் இடம் காலியா இருக்கு. ‘உபயம்’னு போட்டு என் பேரை எழுதிருங்க — பெயிண்ட் செலவு என்னோடது.