லண்டன் அத்தான் பிடித்த விரால்

அத்தான் லண்டனிலிருந்து வந்தபோது எங்களுக்குச் சொக்லேட்டும் தனக்கொரு தூண்டிலும் கொண்டுவந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. அக்காவைக் கலியாணம் செய்த இரண்டாம் மாதமே லண்டன் போனவர், இரண்டு வருடம் கழித்து முதல் தடவையாக லீவில் வந்திருந்தார். அக்காவுக்கான விசா மட்டும் இன்னும் வந்துகொண்டே இருந்தது.

தூண்டில் நீண்டதொரு குழாய்க்குள் இருந்தது. சுடுகிற துவக்கோ என்று விமான நிலையத்தில் மறித்து விசாரித்தார்களாம். அதைச் சொல்லும்போது அத்தானின் முகத்தில் அப்படியொரு பெருமை. நெடுங்கேணிப் பக்கத்தில் எங்களுடையது ஒரு குடியேற்றத் திட்டம். மீன் தேவையென்றால் குளத்தில் வலை போடுவோம், அல்லது சைக்கிளில் வருகிறவரிடம் வாங்குவோம். மீன் பிடிப்பது ஒரு விளையாட்டு என்பதும், அதற்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பதும், அதிகாலையில் குளிரில் நடுங்கிக்கொண்டு அதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதும் அத்தான் வந்துதான் எங்களுக்குத் தெரியவந்தது.

"நாளைக்கு வீட்டிலை ஒருதரும் கறி வைக்க வேண்டாம். குளத்திலை பிடிச்சு, குளக்கட்டிலையே சமைப்பம்" என்றார்.

களை பிடுங்கும் காலம். காய்ச்சலென்று நான் படுத்தால்கூட "பின்னேரம் எழும்பி வயலுக்கு வா" என்று சொல்லும் அப்பா, "ஓம் தம்பி, அதுக்கென்ன, எல்லாரும் போவம்" என்றார். மாப்பிள்ளை சொன்னால் வயலில் களைகூட வளராமல் நிற்கும் போலிருக்கிறது.

மறுநாள் ட்ராக்டர் பெட்டியில் அரிசி, மண்சட்டி, விறகு, பிழிந்த தேங்காய்ப்பால், புளி, நான் விடியவே இடித்த கறித்தூள் எல்லாம் ஏறின. அக்காவும் நானும் ஏற்றினோம். அத்தான் தூண்டிலை ஏற்றினார். கழுத்தில் கமரா வேறு தொங்கியது.

குளத்தில் தெப்பம் வைத்திருந்தவர் பக்கத்துக் காணிக்காரர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, எங்களைப் போலவே நெல் விதைத்தவர். ட்ராக்டர் டியூப் இரண்டைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை போட்டதுதான் அவருடைய தெப்பம். அத்தானின் தூண்டில் நுனியில் தொங்கிய, தகரத்தில் செய்த மினுங்கும் பொய்மீனை அவர் உற்றுப் பார்த்தார்.

"இதையா தொரை மீனு திங்கும்?"

"தின்னாது. ஏமாறும்" என்றார் அத்தான்.

அக்கா சட்டியைக் கழுவுவதை நிறுத்தி அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

குளக்கட்டில் நின்று அத்தான் வீசத் தொடங்கினார். முதலில் அகப்பட்டது தாமரைக்கொடி. அடுத்து இன்னொரு தாமரைக்கொடி. மூன்றாவதாக, பின்னால் நின்று ரசித்துக்கொண்டிருந்த அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரம். அப்பா ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லைத் தம்பி, நல்ல கூரான முள்ளு" என்று பாராட்டினார்.

அதன்பிறகு அத்தானும் பக்கத்துக் காணிக்காரரும் தெப்பத்தில் ஏறி, அல்லி படர்ந்த பக்கம் போனார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. சோறு வெந்து இறங்கியது. புளியும் தூளும் கரைத்த குழம்பு சட்டியில் கொதித்தபடி மீனுக்காகக் காத்திருந்தது. நாங்களும்தான்.

திடீரென்று தெப்பத்தில் சத்தம். தூண்டில் வில்லாக வளைந்திருந்தது. அத்தான் இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். கடைசியில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது ஒரு விரால். என் முழங்கையளவுக்கு மேல் இருக்கும். அப்பா குளக்கட்டில் நின்று கைதட்டினார். எனக்கும் வாயூறியது என்பதை மறைக்க விரும்பவில்லை. இந்த மனிதரை இவ்வளவு நாளும் குறைவாக நினைத்துவிட்டோமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அத்தான் கமராவைக் கழற்றிப் பக்கத்துக் காணிக்காரரின் கழுத்தில் மாட்டி, எங்கே அழுத்துவது என்று காட்டினார். மீனை இரண்டு கையாலும் ஏந்திச் சிரித்தார். படம் எடுபட்டது. பிறகு குனிந்து, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போல, விராலை மெல்லத் தண்ணீரில் விட்டார்.

"ஐயையோ! மீனு போகுது தொரை!" என்று அலறிக்கொண்டு பக்கத்துக் காணிக்காரர் அதன் பின்னால் பாய்ந்தார், கழுத்தில் கமராவோடு.

தெப்பம் கவிழ்ந்தது. இடுப்பளவு தண்ணீர்தான். இருவரும் சேறும் பாசியுமாக எழும்பினார்கள். கமராவும் எழும்பியது, ஆனால் அதற்குப் பிறகு அது ஒரு படமும் எடுக்கவில்லை.

கரைக்கு வந்த அத்தானிடம் அப்பா கேட்டார். "கை வழுக்கிப் போச்சோ தம்பி?"

"இல்லை மாமா, நான்தான் விட்டனான். அங்க அப்பிடித்தான். பிடிச்சு, படம் எடுத்து, திரும்ப விட்டிடுவம். சாப்பிடுறதுக்கில்லை, இது விளையாட்டு."

"சமைப்பமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள் அத்தான்" என்றேன்.

"கையிலை பிடிச்சவுடனை பழக்கம் வந்திட்டுது" என்றார் தலையைத் துடைத்தபடி.

அப்பா கொஞ்சநேரம் குளத்தைப் பார்த்தார். "அதுவும் ஒரு உயிர்தானே" என்றார். அன்றுவரை கோழி, ஆடு, காட்டு மரை எதற்கும் அவர் காட்டாத இரக்கம் அது.

மீனில்லாத மீன்குழம்பைச் சோற்றில் ஊற்றி எல்லாரும் சாப்பிட்டோம். பக்கத்துக் காணிக்காரர் ஒவ்வொரு கவளத்துக்கும் இடையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அத்தான் இரண்டாம் முறை குழம்பு கேட்டார். அகப்பையோடு எழுந்த அக்கா அவருக்கு ஊற்றிக்கொண்டே, அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"அவரிலை பிழையில்லை அப்பா. என்னையும் அப்பிடித்தானே. கலியாணம் கட்டி, படம் எடுத்து, இஞ்ச விட்டிட்டுப் போனவர்."

பக்கத்துக் காணிக்காரரின் தலையாட்டல் நின்றது. அப்பாவுக்குப் புரையேறியது, அல்லது ஏறியது போல இருமினார். அத்தான் சோற்றைப் பிசைந்தார், பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. அக்கா தன் இடத்தில் போய் அமர்ந்து நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். இரண்டு வருடம் அவள் எங்களுக்கு முன்னால் ஒருமுறைகூட முறையிட்டதில்லை. அவள் சந்தோசமாக இருக்கிறாள் என்று நாங்களும் வசதியாக நம்பியிருந்தோம்.

மிச்ச லீவில் அத்தான் குளத்துப் பக்கம் போகவில்லை. கொழும்புக்கு இரண்டுதரம் போய் வந்தார். இரண்டு வருடமாக அசையாத விசா, அவர் திரும்பிப் போன சில மாதத்தில் நடந்து வந்துவிட்டது. அதற்கும் கால் இருந்திருக்கிறது.

மாரி தொடங்குமுன் அக்கா புறப்பட்டாள். பஸ் ஏற்றிவிட நெடுங்கேணிச் சந்திவரை போனோம். அக்கா அழவில்லை. அப்பாதான் சால்வையை முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பினார். இனி அவளுடைய பங்கு வேலையும் என் தலையில் என்ற கணக்கில் இருந்ததால், எனக்கு அழ நேரம் கிடைக்கவில்லை.