விளங்காத முகம் தேடும் ஷெரோமி மிஸ்

"விளங்கிச்சா?" என்று கேட்கிற வாத்திமாரை எனக்குப் பிடிக்காது. நேற்று இன்று வந்த கோபம் அல்ல, நாற்பது வருஷத்துக் கோபம். ஆறாம் வகுப்பில் ஒரு சேர் பலகை நிறைய எழுதிவிட்டுத் திரும்பி அதைத்தான் கேட்டார். எல்லாரும் "ஓம் சேர்" என்றார்கள். நான் மட்டும் இல்லை என்றேன். "என்ன விளங்கல்ல? சொல்லு" என்றார். என்ன விளங்கவில்லை என்று சொல்லத் தெரிந்திருந்தால் எனக்குப் பாதி விளங்கியிருக்காதா? பலகையைப் பார்த்தபடி நின்றேன். வகுப்பு சிரித்தது. சேரும் சிரித்துவிட்டு என்னை வராந்தாவுக்கு அனுப்பினார். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அன்று நடந்தது என்ன பாடம் என்பதே மறந்து போய்விட்டது. சிரிப்பு மறக்கவில்லை.

இப்படிப்பட்ட நான் கொட்டாஞ்சேனையில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் வாசலோரம் கன்டீன் நடத்துகிறேன். அதுவும் ஆசிரியர்களைத் தயார் பண்ணுகிற பகுதிக்குக் கீழே. காலையில் வாத்திமார், பின்னேரம் வாத்திமார், நடுவில் வாத்திமாராகப் போகிறவர்கள். ஆண்டவருக்கு என்மேல் என்ன கோபமோ தெரியாது.

மாடியில் முதல் அறைதான் ஷெரோமி மிஸ்ஸின் அறை. பயிற்சிக்கு வந்தவர்கள் பாடம் நடத்திக் காட்டும்போது புள்ளி போடுகிற விரிவுரையாளர்கள் எல்லோரும் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து பலகையைப் பார்ப்பார்கள். மிஸ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவார். பலகைக்கு முதுகைக் காட்டி, படிக்க இருக்கிறவர்களைப் பார்த்தபடி உட்காருவார். செருப்பைக் கழற்றி நாற்காலிக்குக் கீழே தள்ளிவிடுவார். பாடம் நடத்துகிறவருக்குத் தெரிவது மிஸ்ஸின் கொண்டையும் அதில் குத்திய பென்சிலும்தான். அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் "கொண்டை மிஸ்". அது அவருக்கும் தெரியும். "கொண்டை வந்திட்டு, தொடங்குங்கோ" என்று அவரே சொல்லுவார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"டீச்சரைப் பாத்து நான் என்ன செய்ய, பழனியண்ணன்? சாரி நல்லா உடுத்திருக்கிறா, கையெழுத்து வடிவா இருக்குது. அதுக்கா புள்ளி? பிள்ளையின்ர முகத்தைப் பாத்தா டீச்சர் தெரிவா."

நாற்பத்தாறு வயது இருக்கும். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். பிளேன்டீக்குச் சீனி போட விடமாட்டார், கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பார். காலையில் வகுப்புக்கு முன் எல்லோரும் எழுந்து நின்று ஜெபம் சொல்லுவது அங்கே வழக்கம். மற்ற விரிவுரையாளர்கள் நாட்டுக்கும் வீட்டுக்குமாக நீட்டி முழக்குவார்கள். மிஸ்ஸின் முறை வந்தால் என் தேநீர் ஆறாது. "ஆண்டவரே, இண்டைக்கு ஒருத்தரும் பொய்யாத் தலையாட்டாம இருக்கட்டும். ஆமென்." அவ்வளவுதான். சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும்கூட அந்த ஆமெனைச் சத்தமாகச் சொல்லுவார்கள்.

தலையாட்டல் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. என் போன் கண்ணாடி உடைந்து வெள்ளவத்தையில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் மிஸ். கடைத்தம்பி புது சிம் பற்றி, டேட்டா பற்றி, இரவுக்கு இவ்வளவு பகலுக்கு அவ்வளவு என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார். நானாக இருந்தால் "சரி தம்பி" என்று வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"விளங்கேல்லை, தம்பி. திரும்பச் சொல்லுங்கோ."

திரும்பச் சொன்னார். "இன்னும் விளங்கேல்லை." பின்னால் நின்ற ஒரு அம்மா "அனே!" என்று பெருமூச்சு விட்டார். மூன்றாம் தரம் சொல்லத் தொடங்கிய தம்பி பாதியில் நின்றார். "பொறுங்க மிஸ், எனக்கே டவுட் வருது" என்று உள்ளே கேட்கப் போய்விட்டார். மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "வீட்டை போய் முழிக்கிறதை விட இங்க நிண்டு முழிக்கலாம்தானே?"

என்னை மாடிக்கு ஏற்றிய கதையும் அந்தத் தலையாட்டலில்தான் தொடங்கியது. பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புமுன் பயிற்சி மாணவர்கள் தங்களுக்குள்ளேயே பாடம் நடத்திப் பழகுவார்கள். ஒருவர் டீச்சர், மற்றவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். எல்லாம் டிகிரி முடித்த பிள்ளைகள். ஒருநாள் திலக்ஷன் என்கிற பொடியன் பலகையில் கணக்கொன்றைப் பிழையாகச் செய்துவிட்டு, "விளங்கிச்சா பிள்ளைகளே?" என்று கேட்டிருக்கிறான். அத்தனை டிகிரியும் "விளங்கிச்சு டீச்சர்" என்று பாட்டாகச் சொல்லியிருக்கிறது. நண்பனைக் கவிழ்க்க யாருக்கு மனம் வரும்? நாளைக்கு அவன் இவர்களுக்குத் தலையாட்ட வேண்டுமே.

மிஸ் எழுந்தார். படியிறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"பழனியண்ணன், உங்களுக்குப் பின்னம் தெரியுமா?"

"எனக்கு முன்னமே தெரியாது, பின்னம் எங்க தெரியப் போகுது? ஆள விடுங்க மிஸ்."

"அப்ப மேல வாங்கோ."

துப்புரவு வேலை செய்யும் மயிலம்மாவையும் வாசல் காவலரையும்கூடக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருநாள், மதியக் கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் முன்வரிசையில். எனக்கு அங்கே போவதே பிடிக்கவில்லை. மறுபடியும் வராந்தாவில் நிற்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். முதல் நாளே கதவடியில் வைத்துச் சொல்லிவிட்டேன்: "நமக்கு ஏறாது மிஸ். சிரிப்பாங்க."

"சிரிச்சா அவைக்குப் புள்ளி இல்லை" என்றார்.

சிரிக்கவில்லை. ஆனால் கஷ்டப்பட்டார்கள். அதிகம் கஷ்டப்பட்டது நுஹா.

நுஹா வெள்ளவத்தைப் பிள்ளை, கல்யாணம் கட்டி ஒரு மகன் இருக்கிறான். அங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகக் கணக்குப் படிப்பித்துக்கொண்டு, பின்னேரங்களில் பஸ் ஏறி இங்கே டிப்ளோமாவுக்கு வந்தாள். தவணை முடிவதற்குள் பாஸ் பண்ணிய கடிதத்தைக் காட்டாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவோம் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். கடைசிப் பாடம் நடத்திக் காட்ட ஒருவருக்கு இரண்டு தரம்தான். முதல் தரம் மிஸ் அவளை பெயில் ஆக்கிவிட்டார். பாடம் மணிபோல இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். மிஸ் சொன்னது ஒன்றுதான்: "பாடம் நல்லம். ஒருத்தருக்கும் போய்ச் சேரேல்லை."

அன்று என் கடை மூலையில் இருந்து நுஹா அழுத அழுகை! "கொண்டைக்கு ஈரமே இல்ல" என்று திலக்ஷன் கத்தினான். நானும் அன்றைக்கு மிஸ்ஸுக்குத் தேநீரைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன். அவர் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீரில் பாதி அப்படியே இருந்தது.

இரண்டாம் தரத்து நாள் வந்தது. மூன்றாம் தரம் என்று ஒன்று கிடையாது, இதுதான் கடைசி. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே நுஹா கடைக்கு வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"மாமா, மிஸ் பாக்கிறது உங்கட மொகத்தத்தான். மயிலம்மா எப்பயும் சிரிச்ச மொகம், காவல்காரர் தூங்கிருவார். நீங்க மட்டும் கொஞ்சம் தலையாட்டிருங்களேன். எனக்கு இந்த வேல இல்லண்டா வேற வழி இல்ல மாமா."

என் மகள் வயது. "பாப்போம் புள்ள" என்றேன். அவள் போன கையோடு மிஸ் வந்து நின்றார். கேட்டாரோ இல்லையோ தெரியாது. வழக்கம்போலக் கருப்பட்டியைக் கடித்துத் தேநீரைக் குடித்துவிட்டுப் படியேறினார்.

நுஹா தொடங்கினாள். மூன்றை இரண்டால் வகுத்தாள், ஒன்றரை. சரி. அடுத்து மூன்றை அரையால் வகுத்தாள். அரையைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்றாள், பெருக்கினாள், ஆறு என்று எழுதிக் கோடு போட்டாள். எழுத்து அச்சுப்போல இருந்தது. எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. முன்னால் மிஸ்ஸின் கண்கள் என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவருக்குப் பின்னால் நுஹாவின் கண்கள், அவையும் என் முகத்தில்தான்.

சும்மா சொல்லவில்லை, தலை தானாகவே ஆடப் பார்த்தது. ஒரு ஆட்டு ஆட்டினால் அந்தப் பிள்ளைக்கு வேலை. வெள்ளவத்தையில் அவள் படிப்பிக்கும் ஆறாம் வகுப்பு அப்போது நினைவுக்கு வந்தது. அதிலும் எவனோ ஒருவன் இப்படித்தானே இருப்பான்? தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு பலகையையே பார்த்தேன்.

நுஹா கண்டாள். "விள…" என்று தொடங்கினாள். பாதியில் விழுங்கிவிட்டாள். வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லொறி ஒன்று கட்டடத்தையே உலுக்கிக்கொண்டு போனது. நுஹா பேனாவை மூடி வைத்துவிட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு என் வாங்குக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"மாமா, எந்த ஹோல்ட்ல எறங்கிட்டீங்க?"

அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பஸ்ஸில் எதுவரைக்கும் கூட வந்தாய் என்று கேட்டால் எவனும் சொல்லுவான்தானே?

"மூணை ரெண்டால பிரிக்கிற வரைக்கும் கூடத்தான் வந்தேன் புள்ள. பிரிச்சாக் கொறையணும். கொறைஞ்சிச்சு. பொறகு அரையால பிரிக்கிறேன்னு ஆறுன்னு எழுதினீங்க. பிரிச்சா எப்படிக் கூடும்? அங்கயே எறங்கிட்டேன்."

"நல்ல எடத்துலதான் எறங்கிரிக்கிறீங்க" என்றாள். "காலைல ஒங்கட கடைல பருப்போட ஒரு ஆளுக்கு எவ்வளவு பாண் குடுப்பீங்க?"

"அரைப் பாண்." ஒரு முழு ரொட்டியில் பாதி என்று கணக்கு.

"பொய்!" என்றாள் மயிலம்மா. "அரைன்னு சொல்லிக் காலைத்தான் வைப்பாரு. பருப்ப மேல ஊத்தி மறைச்சிருவாரு."

காவலர்கூட முழித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு என்னைச் சுற்றித்தான், ஆனாலும் எனக்கும் சிரிப்பு வந்தது.

"சரி, மாமா நேர்மையான ஆளெண்டு வெச்சிக்குவம்" என்றாள் நுஹா. "மூணு பாண் இரிக்கி. அரை அரையாக் குடுத்தா எத்தின பேர் சாப்புடலாம்?"

"ஆறு பேர்" என்றேன். சொன்ன பிறகுதான் பலகையைப் பார்த்தேன். அங்கேயும் ஆறு.

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"வெட்டினேன். அரை அரையா… மூணுக்குள்ள எத்தனை அரை இருக்குன்னு பாத்தேன்." எழுந்தே விட்டேன். "அட! பாண் கூடல்ல. துண்டுதான் கூடுது!"

"அதுதான் மாமா அரையால பிரிக்கிறது."

மிஸ் எழும்பவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நுஹாவின் பக்கம் திரும்பினார்.

"ஸ்கூலுக்குப் போன் பண்ணுங்கோ, நுஹா. வேற ஆள் தேட வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

நுஹா அழுதாள். திலக்ஷன் மேசையில் அடித்துக் கத்தினான். மயிலம்மா, "அப்ப இனிமே எங்களுக்கு முழு அரைதானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நுஹா இப்போது நிரந்தரம். ஒரு சனிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தோடு கடைக்கு வந்தாள். தன் வகுப்பில் பிள்ளைகள் கையைத் தூக்கி, "மிஸ், நான் பாமன்கடை ஹோல்ட்ல எறங்கிட்டேன்", "நான் ஏறவே இல்ல மிஸ்" என்று சத்தம் போடுகிறார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

போன வாரம் புது மாணவர்கள் சேர்ந்தார்கள். மதியக் கூட்டம் கலைந்ததும் நான் வழக்கம்போல ஏப்ரனைக் கழற்றிவிட்டு மேலே போக நின்றேன். உண்மையைச் சொன்னால் அந்த வாங்கு எனக்குப் பிடித்துப் போயிருந்தது. மிஸ் படியில் என்னை மறித்தார்.

"இந்தப் பாடத்துக்கு இனி நீங்க வேண்டாம், பழனியண்ணன்."

"ஏன் மிஸ்? நான் என்ன செஞ்சேன்?"

"உங்களுக்கு விளங்கிட்டுது. அந்த முகத்தை வச்சு நான் ஆரைச் சோதிக்கிறது?"

வேலையிலிருந்து நிறுத்தியது போலவும் இருந்தது, சேர்ட்டிபிகேட் கொடுத்தது போலவும் இருந்தது.

"ஒரு உதவி செய்யுங்கோ. வேற ஒரு ஆளைப் பிடிச்சுத் தாங்கோ. உண்மையாவே விளங்காத ஆளா இருக்கோணும். தெரிஞ்சுகொண்டு நடிக்கிற ஆள் வேண்டாம்."

மிஸ்ஸும் கூட வர, நான் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தேன். எதிரே தையல்கடையில் அலவி நானா துணிக்கு அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அலவி நானா!" என்று கூப்பிட்டேன். "மூணை அரையால பிரிச்சா எத்தனை?"

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஒண்டரை! இதென்ன கேள்வி?"

ஷெரோமி மிஸ் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். வருகிற பஸ்ஸுக்குக் கையைக் காட்டி நிறுத்திவிட்டுத் தெருவைக் கடந்தார்.