மக்கள் ஓவியத்தில் ஒரு நீலக் கோடு

பாறசாலையில் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. பக்கத்து வரலாற்று மியூசியத்துக்குள் நுழைகிறேன். இன்று மக்கள் ஓவிய நாளாம். நடுவில் பெரிய வெள்ளைத் துணி. சுற்றிலும் ஊர்க்காரர்கள், கையில் ஆளுக்கொரு பிரஷ். எனக்கும் ஒன்று தருகிறார்கள். ஆனால் பிரமுகர் வந்து குத்துவிளக்கு ஏற்றும்வரை யாரும் துணியைத் தொடக்கூடாது.

மத்தியானம் சாவகாசமாக வருகிறார். அவருக்கு விளக்கைவிட மைக்கின் மேல்தான் ஆசை. பேசிக் களைத்து, துணியில் நீலமாக ஒரு கோடு இழுக்கிறார். கைதட்டுகிறோம். காய்ந்த பிரஷைத் தூக்கிப் பிடிக்கவைத்து எங்களைப் போட்டோ எடுக்கிறார்கள். ஆளாளுக்கு வரைந்தால் படம் கெட்டுவிடும் என்று துணியை உடனே சுவரில் மாட்டிவிடுகிறார்கள். கீழே அட்டை: 'மக்கள் வரைந்த ஓவியம். தொடாதீர்கள்.'

பக்கத்தில் மேரி, காஞ்சிரங்குளத்துக் கடற்கரையிலிருந்து வந்தவர், பிரஷைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"இதுக்கா வந்தீங்க?" என்கிறேன்.

"மீன்பிடிக்கப் போற வள்ளத்துக்குப் பெயிண்ட் அடிச்சிட்டு இருந்தேன் சாரே. பாதியில போட்டுட்டு வந்தேனாக்கும்."

பெயிண்ட் பட்டவர்கள் வெளியே கை கழுவலாம் என்று மைக்கில் அறிவிப்பு. எல்லாரும் தங்கள் சுத்தமான கைகளைப் பார்த்துக்கொள்கிறோம். மேரி மட்டும் எழுந்து போகிறார். அவர் முழங்கையில் வள்ளத்தின் பச்சை.