ஓரம் வரை வந்த ராஜா

வைக்கிங் காலத்துச் சண்டை ஆட்டமாம், மகள் எங்கோ வாசித்துச் சொன்னாள். நடுவில் இருக்கும் ராஜா தப்பினால் ஒரு கட்சி ஜெயிக்கும், நாலு பக்கமும் வளைத்துப் பிடித்தால் மறு கட்சி ஜெயிக்கும். மகள் காலண்டர் அட்டையில் கட்டம் வரைந்தாள். அவளுக்கு ரப்பர் மரக் கொட்டைப் படை. எனக்குப் புளியங்கொட்டைகளும் பேனா மூடி ராஜாவும்.

ஏற்கெனவே ஒன்பது ஆட்டம் தோற்றவன் நான். இன்று தோற்பவர் மரச்சீனிக் கிழங்குக்குத் தொலி உரிக்க வேண்டும் என்று பந்தயம்.

ராஜாவை ஓரக் கட்டத்துக்குக் கொண்டுபோனதும் எழுந்து நின்று கை தட்டினேன்.

"ராஜா எல்லைக்கு வந்தாச்சு மக்கா! கேரளத்துப் பாறசாலைல தப்பு பண்ணினவன் களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுக்குள்ள வந்தா பிறகு யாரு பிடிப்பா?"

"அப்பா, ஓரத்துக்குப் போனா போராது. மூலைக்குப் போணும். இப்பத்த சட்டம் அதாக்கும்."

"ஓரம் போதும்னும் ஒரு சட்டம் உண்டுன்னு நீதானே வாசிச்சே?"

"அதுல ஆடணும்னா முதல்லயே சொல்லியிருக்கணும்."

பேசிக்கொண்டே மூலைக்குப் போகும் வழியை அடைத்தாள். வேறு வழி தேடி ராஜா உள்ளே திரும்பியதும் நாலு பக்கமும் வளைத்துவிட்டாள்.

மரச்சீனி உரித்தாயிற்று. ஆனால் நான் விடுவதாக இல்லை, நாளைக்கும் ஆட்டம் உண்டு.

எல்லையோரத்து மக்களே, நீங்களே சொல்லுங்கள். எல்லை தாண்டியதோடு நிற்காமல் நம்மில் யாராவது மூலை வரைக்கும் ஓடித் தப்பியது உண்டா?